மூன்றாவது டிஸ்க் போய்விட்டது, சர்வர் ஓடும்போதே உருவலாமா?

ஐஸ்பிளான்ட்காரன் | புதன், மாலை 6:52

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு, கம்ப்யூட்டர், சிசிடிவி எல்லாமே நான்தான், படித்தது பி.காம். இங்கே எட்டு டிஸ்க் போடக்கூடிய டவர் சர்வர் ஒன்று இருக்கிறது. 2019இல் வாங்கியது, அதில் 4 டிபி டிஸ்க் ஆறு, ஆறையும் ஒரே டிஸ்க் மாதிரி சேர்த்துவைக்கிற லினக்ஸின் சொந்த ரெய்டு (எம்டி ரெய்டு), அதிலும் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற ரெய்டு 6. படகு வாரியாக எடைக் கணக்கு, கேட்ச் சர்டிபிகேட் (மீன் பிடிப்புச் சான்று) நகல், ஏற்றுமதி பில் எல்லாம் இதில்தான் கிடக்கிறது. இன்று மதியம் சர்வர் இழுக்கிறது என்று யாரோ சொன்னார்கள், போய்ப் பார்த்தால் ரெய்டு நிலை காட்டும் இடத்தில் ஆறு யு (நன்றாக ஓடும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒன்று) வரிசையாக இருக்க வேண்டியதில் மூன்றாவது இடத்தில் அடிக்கோடு. எச்சரிக்கை மெயில் வந்திருக்க வேண்டுமே என்று தேடினேன், அது வேலையை விட்டுப் போன பழைய ஆளின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொன்று, மீதி ஐந்துக்கும் ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) எடுத்ததில் ஒன்றில் பெண்டிங் செக்டார், அதாவது படிக்க முடியாமல் நிற்கிற இடம், 16 என்று காட்டுகிறது, மற்ற நான்கிலும் 0.

அலமாரியில் புது 4 டிபி ஒன்று உறை பிரிக்காமல் இருக்கிறது. நாளை காலை கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போகிறது, இன்றிரவே மாற்றிவிடு என்கிறார் முதலாளி. இடமிருந்து மூன்றாவது ட்ரேயை உருவிவிட்டு இதைச் செருகினால் போதுமா? ஓடும்போதே செய்யலாமா, நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டுமா?

தொண்டித்துறை | மாலை 6:58

உருவாதே தம்பி. முதலில் ட்ரேயிலிருந்து கையை எடு.

பாலத்தடி | மாலை 7:10

தொண்டி அண்ணன் சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன். ரெய்டு நிலையில் தெரிகிற "மூன்றாவது இடம்" வேறு, பெட்டியில் இடமிருந்து மூன்றாவது ட்ரே வேறு. முதலாவது, அன்றைக்கு ரெய்டு உருவாக்கியவர் எந்த வரிசையில் டிஸ்க் பெயர்களைத் தட்டினாரோ அந்த வரிசை. இரண்டாவது, யார் எந்தத் துளையில் செருகினார்களோ அது. இரண்டுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கிற பெயரையும் நம்ப வேண்டாம், ரீபூட் ஆனால் அது மாறலாம். மாறாதது சீரியல் நம்பர் ஒன்றுதான். நீங்கள் மூன்றாவதை உருவி அது நல்ல டிஸ்க்காக இருந்துவிட்டால், ரெய்டு 6இல் இரண்டு போய்விடும், மிச்சம் நாலு, அந்த நாலில் ஒன்று பெண்டிங் 16 ஆள். அப்புறம் கடவுள்தான்.

ட்ரேயின் வெளியே சீரியல் நம்பர் ஒட்டியிருக்கிறதா?

ஐஸ்பிளான்ட்காரன் | மாலை 7:14

ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கிறது அண்ணே, தாள் உரிந்து எங்கேயோ போய்விட்டது. எந்த ட்ரேயிலும் சிவப்பு விளக்கும் இல்லை.

கீழக்கரைக்காக்கா | மாலை 7:31

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு முடிவு எடுங்கள். 2016, ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். நாலு டிஸ்க், ஒன்று போனால் மட்டும் தாங்குகிற ரெய்டு 5, அதை நடத்துவது ஒரு கன்ட்ரோலர் கார்டு. "டிஸ்க் 2 ஃபெயில்டு" என்று திரையில் வந்தது. நான் மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டாவதை உருவினேன். அந்தக் கார்டு 0இலிருந்து எண்ணும். அதாவது போனது மூன்றாவது, நான் உருவியது நல்லது. ஒரே நொடியில் எல்லாம் நின்றது. பதறிப்போய்த் திரும்பச் செருகினேன், கார்டு அதை ஏற்கவில்லை, "ஃபாரின்" என்று ஒதுக்கிவிட்டது, வெளியூர் ஆள் மாதிரி.

இதுவரை பரவாயில்லை. அந்த நேரத்தில் அந்த டிஸ்க்கின் ஃபாரின் கான்ஃபிகை இம்போர்ட் செய்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருக்கும். போனில் ஒருவர் கிளியர் செய், புதிதாக உருவாக்கு, இனிஷியலைஸ் கொடு என்றார், நானும் கொடுத்தேன். இனிஷியலைஸ் என்றால் துடைப்பது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு மாதப் பழைய பேக்கப் ஒன்று யுஎஸ்பி டிஸ்க்கில் இருந்ததால் வேலை போகவில்லை.

அதனால் தம்பி, ஏற்கனவே ஊனமான அரேயில் (ரெய்டில் சேர்ந்த டிஸ்க் கூட்டத்தில்) தப்பான டிஸ்க் உருவப்பட்டுவிட்டால் ஒன்றும் செய்யாமல் உட்கார வேண்டும். உங்களுடையது எம்டி ரெய்டு, அதில் ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பிலும் ஈவென்ட் எண் இருக்கும், அதை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் விழுந்ததைச் சேர்த்து அசெம்பிள் ஃபோர்ஸ் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். கிரியேட் என்ற சொல்லை மட்டும் தட்டக் கூடாது.

தொண்டித்துறை | மாலை 7:36

காக்கா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முந்தல்முனை | மாலை 7:40

இவ்வளவு எதற்கு? சர்வரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், போன டிஸ்க் திரும்ப வந்துவிடும். எங்கள் கடையில் அப்படித்தான் ஓடுகிறது.

பாலத்தடி | மாலை 7:49

முந்தல் சார், அது வந்துவிடலாம், மற்றது வராமல் போகலாம், அதுதான் பயம். அஞ்சு வருடத்துக்கு மேல் நிற்காமல் சுற்றிய டிஸ்க்குகளை நிறுத்தினால் திரும்பச் சுற்றாமல் போகிற ஒன்றிரண்டு எப்போதும் உண்டு. ஏற்கனவே ஒன்று குறைவாக ஓடும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு? இந்தப் பெட்டியில் ஹாட் ஸ்வாப் ட்ரே இருக்கிறது, நிறுத்தவே தேவையில்லை.

ஐஸ்பிளான்ட் தம்பி, இரண்டு விஷயம் வேண்டும். கர்னல் லாக்கில் (லினக்ஸ் எழுதிவைக்கிற பதிவில்) அந்த டிஸ்க் விழுந்த நேரத்து வரிகள் என்ன சொல்கின்றன? எட்டுத் துளையில் ஆறுதான் நிரம்பியிருக்கிறது என்றால் மற்ற இரண்டும் உண்மையிலேயே காலிதானா, கேபிள் போயிருக்கிறதா?

ஐஸ்பிளான்ட்காரன் | இரவு 8:05

காலிதான், 7ஆவதும் 8ஆவதும். பின்பக்கம் கேபிள் இருக்கிறது. லாக்கில் "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்று திரும்பத் திரும்ப நாற்பது தடவைக்கு மேல், நடுவில் வேகம் 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கும் 1.5க்கும் இறங்கியதாக ஒரு வரி, கடைசியில் டிவைஸ் டிசேபிள்டு. "மீடியம் எரர்" என்று அந்த டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. பெண்டிங் 16 உள்ள டிஸ்க்குக்குத்தான் அது இருக்கிறது, மூன்று தடவை.

பாலத்தடி | இரவு 8:22

இதைத்தான் எதிர்பார்த்தேன். டிஸ்க் உள்ளே கெட்டுப்போனால் படிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும். இங்கே டிஸ்க் ஒன்றும் சொல்லவில்லை, வழிதான் அறுந்து அறுந்து போகிறது. வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பேசிப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை, விட்டுவிட்டார்கள். என் கணிப்பு, டிஸ்க்கை விட அந்தத் துளையின் தொடர்புமுனைதான் சந்தேகம். ஆக, புது டிஸ்க்கை அதே துளையில் செருகியிருந்தால் ரீபில்டு (புது டிஸ்க்கில் தரவைத் திரும்ப எழுதி நிரப்புவது) பாதியில் அதுவும் விழுந்திருக்கும், நீங்களும் "புதுசும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டியிருப்பீர்கள்.

அதனால் இன்றிரவு எதையும் உருவ வேண்டாம். ஒன்றுமே. புதியதை காலியாக இருக்கும் 7இல் செருகி, அங்கே ஆட் கொடுங்கள். ஒன்று குறைந்த அரேயில் ஆட் கொடுத்தால் ரீபில்டு தானாகத் தொடங்கிவிடும். முடிந்த பிறகு, அரே மறுபடி ஆறு யு காட்டிய பிறகு, பழையதைத் தேடி உருவலாம், அப்போது தப்பாக உருவினாலும் உயிர் போகாது.

பெண்டிங் 16 பற்றி இன்றைக்குக் கவலை வேண்டாம். ரெய்டு 6இல் ஒன்று போனாலும் இன்னும் ஒரு பாரிட்டி, அதாவது தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க வைத்திருக்கிற உபரித் தரவு, மிச்சம். அந்த 16 செக்டாரில் முட்டும்போது மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எடுத்து, அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். இதே ரெய்டு 5ஆக இருந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சாயல்குடிபனை | இரவு 8:30

ரெய்டு 5 என்றாலே சாவுதான். சாதாரண டிஸ்க்கில் 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை என்று தயாரிப்பாளரே போடுகிறார், அதாவது 12.5 டிபிக்கு ஒன்று. 4 டிபி நாலு டிஸ்க்கை முழுக்கப் படித்தால் பிழை வந்தே தீரும், ரீபில்டு தோற்றே தீரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கீழக்கரைக்காக்கா | இரவு 8:41

தம்பி, அந்த எண் "இதற்கு மேல் போகாது" என்ற உத்தரவாத எல்லை, "இத்தனைக்கு ஒன்று வரும்" என்பதில்லை. அப்படி வந்தே தீரும் என்றால் மாதம் ஒருமுறை 20, 30 டிபியை முழுதாகப் படித்துச் சரிபார்க்கிறவர்கள் எல்லாம் மாதாமாதம் பிழை பார்க்க வேண்டும். பார்ப்பதில்லை. பெரிய டிஸ்க்கில் ரெய்டு 5 வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், காரணம் அதுவல்ல. ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வெக்கையில் ஒரே அளவு கிழடாகும், ஒன்று போகிற வாரத்தில் அடுத்ததும் இருமும். இந்த இழையே அதற்குச் சாட்சி.

சாயல்குடிபனை | இரவு 8:44

சரி காக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெய்டு 5 போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம்தான் வரும்.

ஐஸ்பிளான்ட்காரன் | இரவு 8:52

7இல் போடுகிறேன். முதலாளி பின்னாலேயே நிற்கிறார். அதற்கு முன்னால் முழு பேக்கப் எடுக்க வேண்டுமா? 5 டிபிக்கு மேல் இருக்கிறது, அவ்வளவு பெரிய வெளி டிஸ்க் எங்களிடம் இல்லை.

தொண்டித்துறை | இரவு 8:59

நாளைக்குப் போகிற கன்டெய்னரின் காகிதம் எவ்வளவு? சில நூறு எம்பி இருக்குமா? அதை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து முதலாளி கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பு. அவர் பின்னால் நிற்கிற வரை நீ ஒரு கட்டளையும் நிதானமாகத் தட்ட மாட்டாய். இந்த வேலையில் பாதி ஆபத்து முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஆளால்தான்.

அப்புறம் இந்த வருடக் கணக்கு, தரவுத்தளம், சர்டிபிகேட் நகல், இவற்றை மட்டும் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் எடு. சிசிடிவி பதிவை விடு, போனால் போகட்டும். 5 டிபியையும் படிக்க வைப்பதும் கிழட்டு டிஸ்க்குகளுக்குச் சுமை, ரீபில்டு செய்வதும் சுமை, இரண்டு தடவை சுமக்க வைக்காதே.

சாயல்குடிபனை | இரவு 9:03

புது டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பாருங்கள், எஸ்எம்ஆர் வகையா என்று. எஸ்எம்ஆர் என்றால் தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது, ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து வரிசையையும் பிரிக்க வேண்டும். ரீபில்டு மாதிரி நீளமாக எழுதும்போது மூச்சு வாங்கி நின்றுவிடும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்களில் எஸ்எம்ஆர் இருப்பதை 2020இல் ஒப்புக்கொண்டது, அதன் பிறகுதான் ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். அந்தக் காலத்தில் வாங்கி அலமாரியில் வைத்ததாக இருந்தால் இன்னும் கவனம்.

செக்டார் எண்ணிக்கையும் பாருங்கள். 4 டிபி என்றால் 7814037168 வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் சிக்கல் வரலாம்.

ஐஸ்பிளான்ட்காரன் | இரவு 9:48

முதலாளி போய்விட்டார். நகல் எடுத்தாயிற்று, 180 ஜிபி. மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன், எஸ்எம்ஆர் இல்லை, சாதாரண வகையான சிஎம்ஆர்தான். செக்டார் எண்ணிக்கை நீங்கள் சொன்ன அதே எண். 7இல் செருகினேன், சத்தம் சாதாரணமாக இருக்கிறது. ஸ்மார்ட் சின்ன சோதனை 2 நிமிடத்தில் பாஸ். பெரிய சோதனை 8 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது, அதையும் ஓட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டுமா?

பாலத்தடி | இரவு 9:55

வேறு நாளாக இருந்தால் ஆமாம் என்பேன். புது டிஸ்க் முதல் வாரத்தில் போவதும் உண்டு, பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கியது வேறு. ஆனால் இன்றைக்கு அந்த 8 மணி நேரமும் அரே ஒற்றைக் காலில் நிற்கும். சேர்த்துவிடுங்கள். புதியது நடுவில் போனால் நட்டம் ஒன்றுமில்லை, இப்போது இருக்கிற நிலைக்கே திரும்புவோம்.

டிஸ்க் பெயரை பை-ஐடி என்ற அடைவிலிருந்து எடுங்கள், அதில் சீரியல் நம்பரோடு இருக்கும். என்டர் தட்டும் முன் சீரியலை உறையில் இருக்கிற எண்ணோடு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தனியாகத்தானே இருக்கிறீர்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஐஸ்பிளான்ட்காரன் | இரவு 10:12

வாட்ச்மேன் சிரித்தார். தொடங்கிவிட்டது, நொடிக்கு 40 எம்பிதான் காட்டுகிறது.

சாயல்குடிபனை | இரவு 10:15

சிசிடிவி பதிவு ஓடிக்கொண்டிருக்கும், அதை இன்றிரவு வேறு இடத்துக்கு மாற்றுங்கள் அல்லது நிறுத்துங்கள். ரீபில்டின் குறைந்தபட்ச வேக வரம்பு சும்மா விட்டால் 1000 கேபிதான், மற்ற வேலை ஏதாவது ஓடினால் அது ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே இருக்கும். அதை 50000க்கு உயர்த்துங்கள்.

ஐஸ்பிளான்ட்காரன் | இரவு 10:31

பதிவை நிறுத்தினேன், 125க்கு ஏறிவிட்டது. மீதி 8 மணி நேரம் 40 நிமிடம் என்கிறது.

தொண்டித்துறை | இரவு 10:34

அதை நம்பி அலாரம் வைக்காதே. டிஸ்க்கின் வெளிவட்டத்தில் தொடங்கும், அங்கே வேகம் அதிகம், உள்வட்டத்துக்குப் போகப் போகக் குறையும். ஒன்பதரை, பத்து என்று வைத்துக்கொள். யுபிஎஸ் இருக்கிறதா? வாடைக் காலம், ராத்திரி கரண்டு போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐஸ்பிளான்ட்காரன் | வியாழன், அதிகாலை 2:41

போனது. 2:15க்கு. யுபிஎஸ் 20 நிமிடம் என்று எழுதியிருக்கிறது, 9 நிமிடத்தில் கத்த ஆரம்பித்தது. ஐஸ்பிளான்ட் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார் வாட்ச்மேன், இரவு சிரித்ததற்கு மன்னித்துவிட்டேன். சர்வர் அணையவில்லை. 42 சதவீதம். அணைந்திருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்குமா?

பாலத்தடி | காலை 5:50

இல்லை. எதுவரை வந்தோம் என்று டிஸ்க் தலைப்பிலேயே அவ்வப்போது குறித்துவைக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரும். பயம் அதற்கில்லை. ஐந்து கிழடுகளும் ஒரே நேரத்தில் நின்று மறுபடி சுற்ற வேண்டுமே, அதற்குத்தான். வெக்கையில் இருக்கிற யுபிஎஸ் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பார்கள். அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஐஸ்பிளான்ட்காரன் | காலை 8:20

ஆறு யு! கன்டெய்னரும் கிளம்பிவிட்டது. பெண்டிங் 16 ஆள் ரீபில்டின்போது 40க்கு ஏறி, இப்போது 8இல் நிற்கிறான், ரீஅலொகேட்டட் (கெட்ட இடத்துக்குப் பதில் உபரி இடத்துக்கு மாற்றியது) 32 ஆகியிருக்கிறது. லாக்கில் "ரீட் எரர் கரெக்டட்" என்று பன்னிரண்டு வரி.

கீழக்கரைக்காக்கா | காலை 8:33

அந்தப் பன்னிரண்டு வரியையும் பிரின்ட் எடுத்து, ரெய்டு 5 போதும் என்று சொல்கிறவர் மேசையில் ஒட்ட வேண்டும். அல்ஹம்துலில்லாஹ். போய்த் தூங்குங்கள்.

சாயல்குடிபனை | காலை 8:35

காக்காவே என் பக்கம் வந்துவிட்டார்.

பாலத்தடி | காலை 9:30

இப்போது பழைய டிஸ்க் எந்தத் துளையில் என்று கண்டுபிடிப்போம். ஓடிக்கொண்டிருக்கிற ஆறையும் ஒவ்வொன்றாக, எழுதாமல் படிக்க மட்டும் சொல்லி ஒரு நிமிடம் ஓட்டுங்கள், எந்த ட்ரேயில் விளக்கு துடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், சீரியலையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆறும் முடிந்த பிறகு டிஸ்க் இருந்தும் ஒருமுறைகூடத் துடிக்காத ட்ரேதான் நம் ஆள். செத்தவனைத் தேடக் கூடாது, உயிரோடு இருக்கிறவர்களை எண்ணித்தான் அவனைப் பிடிக்க வேண்டும்.

ஐஸ்பிளான்ட்காரன் | வியாழன், மாலை 4:10

எண்ணினேன். இடமிருந்து நாலாவது. மூன்றாவதில் இருப்பது நல்ல டிஸ்க். நேற்று உருவியிருந்தால்... சரி விடுங்கள்.

நாலாவதை உருவினேன். தாழைத் திறந்து கொஞ்சம் இழுத்துவிட்டு, சுற்றல் நிற்க அரை நிமிடம் விட்டு முழுதாக எடுத்தேன். வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் ஸ்மார்ட்டில் ரீஅலொகேட்டட் 0, பெண்டிங் 0, ஆனால் யுடிஎம்ஏ சிஆர்சி பிழை, அதாவது டிஸ்க்குக்குப் போய்வரும் வழியில் தரவு சிதைந்தது, 2140. பெரிய சோதனை போட்டிருக்கிறேன். டிஸ்க்கின் முனைகளில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் டார்ச் அடித்து நாலாவது துளைக்குள் பார்த்தால் உள்ளே உள்ள முனையில் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. மூன்றாவதில் வெள்ளையாக லேசாக.

பாலத்தடி | மாலை 4:40

பச்சை என்றால் செம்பு அரிக்கிறது. ஒரு கேள்வி: சர்வர் இருக்கிற அறைக்கும் ஐஸ்பிளான்டுக்கும் எவ்வளவு தூரம்?

ஐஸ்பிளான்ட்காரன் | மாலை 4:44

ஒரே சுவர் அண்ணே.

பாலத்தடி | மாலை 5:15

அப்படியானால் உங்கள் சர்வருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஊருக்கே பொதுவான உப்புக்காற்று. உப்புத் தூசி சும்மா கிடந்தால் பெரிய கேடில்லை, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து உப்புநீர்ப் படலமாகிவிடும். மண்டபத்தில் ராத்திரி 75க்குக் கீழே எத்தனை நாள் இறங்குகிறது? இரண்டாவது அமோனியா. ஐஸ்பிளான்ட் குழாய்கள் ஏன் செம்பில் இல்லாமல் இரும்பில் இருக்கின்றன என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஈரத்தோடு சேர்ந்த அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். மூக்குக்குத் தெரியாத அளவு கசிந்தால்கூட வருடக்கணக்கில் போதும். தொடர்புமுனையில் தங்க முலாம் இருக்கிறதே என்பீர்கள், அது மிக மெல்லியது, டிஸ்க்கை உருவிச் செருகி ஒரு கீறல் விழுந்தால் அடியில் இருப்பது செம்புதான்.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே இந்தக் காற்று விடவில்லை, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்க வேண்டியதாயிற்று. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில்தான் நிலையம் வைத்திருக்கிறது. அவர்கள் பரிசோதனைக்கென்று உலோகத்தைக் காற்றில் வைக்கிறார்கள், நீங்கள் சம்பளம் கொடுக்காமல் சர்வரை வைத்திருக்கிறீர்கள்.

முந்தல்முனை | மாலை 5:22

ரப்பரால் தேய்த்துவிட்டால் பளிச்சென்று ஆகிவிடும், ரேமுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

சாயல்குடிபனை | மாலை 5:30

ரேம் வெளியே எடுக்கிற பொருள். துளைக்குள் ரப்பர் தூள் விழுந்தால் எப்படி எடுப்பீர்கள்? தேய்த்தால் மிச்சமிருக்கிற தங்கமும் போகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் விடாத துணி, கரண்டு முழுதாகத் துண்டித்த பிறகு, அவ்வளவுதான். பச்சை பூத்த 4ஐ என்ன துடைத்தாலும் நம்ப மாட்டேன், ட்ரேகள் போய்ச் செருகிக்கொள்கிற பின்பலகையான பேக்பிளேனையே மாற்றுவதுதான் வழி. அதுவரை அந்தத் துளையை டேப் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது காலியாக இருக்கிறதே என்று செருகிவிடுவார்கள்.

தொண்டித்துறை | மாலை 5:41

எங்கள் ஆபீசில் நாங்களே செருகிவிடுவோம்.

ஐஸ்பிளான்ட்காரன் | சனி, பிற்பகல் 1:05

பழைய டிஸ்க் பெரிய சோதனையில் பாஸ். பாலத்தடி அண்ணன் சொன்னது சரி, டிஸ்க்கில் ஒன்றுமில்லை. அதையே பெண்டிங் ஆளுக்கு மாற்றாகப் போடலாமா? மதுரையிலிருந்து புதிது இன்று காலை பஸ்ஸில் வந்துவிட்டது, ஆனாலும் செலவு மிச்சம் என்று முதலாளி கேட்கிறார்.

கீழக்கரைக்காக்கா | பிற்பகல் 1:30

2019 டிஸ்க், அதே வெக்கையில் அதே வயது. யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரே பேக்கப்பாக இல்லாமல். அரேக்குப் புதியதையே போடுங்கள்.

இந்தத் தடவை அவசரம் இல்லை, ஆகவே பெரிய சோதனையை வேறு கம்ப்யூட்டரில் முழுக்க ஓட்டுங்கள், பிறகு 8இல் செருகி ரீப்ளேஸ் முறையில் மாற்றுங்கள். பழையதை ஃபெயில் என்று தள்ளிவிட்டுப் புதியதைச் சேர்ப்பது ஒரு வழி. ரீப்ளேஸ் என்பது பழையவன் நாற்காலியில் இருக்கும்போதே புதியவனுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து, முழுக்கக் கற்றபின் எழுந்து போகச் சொல்வது. பழையவனுக்கு மறந்துபோன பக்கத்தை மட்டும் மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளும். அரே ஒரு நொடிகூட ஒன்று குறைவாக நிற்காது. காலித் துளை இல்லாதவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அதனால்தான் எட்டும் நிரம்பிய பெட்டியைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது.

சாயல்குடிபனை | பிற்பகல் 1:52

மாதாந்திர ஸ்கிரப் (எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்ப்பது) ஓடுகிறதா என்று பாருங்கள். டெபியன் வகை லினக்ஸ் என்றால் மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓட வேண்டும். ஓடியிருந்தால் அந்தப் பெண்டிங் எப்போதோ தெரிந்திருக்கும். டிஸ்க்கின் பிழை மீட்பு நேரம் 7 நொடிக்கு அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்க்டாப் டிஸ்க் சில நேரம் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும், லினக்ஸ் 30 நொடிக்கு மேல் பொறுக்காது, நல்ல டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும்.

ஐஸ்பிளான்ட்காரன் | பிற்பகல் 2:20

7 நொடிதான் இருக்கிறது. ஸ்கிரப் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, யார் நிறுத்தியது என்று பார்த்தால் நான்தான். சனிக்கிழமை போன விசைப்படகுகள் ஞாயிறு காலையில் திரும்பும், எடை போடுகிற நேரத்தில் சர்வர் இழுக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்தியது. மறந்தே போய்விட்டது.

தொண்டித்துறை | பிற்பகல் 2:26

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாற்று, நிறுத்தாதே. பேக்பிளேன் மாற்றுவது, சர்வரை அந்தச் சுவரை விட்டு மாடிக்கு ஏற்றுவது, இதெல்லாம் ஏப்ரல் 15க்கு மேல் வைத்துக்கொள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், படகே போகாது, எடையும் இல்லை, முதலாளியும் ஊரில் இருக்க மாட்டார். அந்தப் பழைய ஆளின் மெயில் முகவரியை மட்டும் இப்போதே மாற்று. மாற்றிவிட்டுச் சோதனை மெயில் ஒன்று அனுப்பிப் பார்.

ஐஸ்பிளான்ட்காரன் | திங்கள், காலை 7:40

ரீப்ளேஸ் நேற்றிரவு 11க்குத் தொடங்கியது, காலையில் முடிந்திருந்தது. பெண்டிங் ஆள் 2ஆவது ட்ரேயில் இருந்தான், சீரியலைப் பார்த்து உருவினேன், சரியாக அவனேதான். 2, 4 இரண்டு துளையையும் டேப் போட்டு மூடிவிட்டேன், இப்போது 1, 3, 5, 6, 7, 8. எல்லா ட்ரேயிலும் சீரியலின் கடைசி நாலு எண்ணை நெயில் பாலிஷால் எழுதியிருக்கிறேன், தாளை ஒட்டினால் இந்தக் காற்றில் நிற்காது. சிவப்பு நிறம்தான் வீட்டில் இருந்தது.

சோதனை மெயில் அனுப்பினேன், முதலாளிக்கும் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு இப்போது போன் செய்கிறார், என்ன போய்விட்டது என்று.